ஒரு பகலிரவில் நாற்பத்திரண்டு முகடுகள்

1932ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள், வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் உள்ள கெசிக் என்னும் சிற்றூரிலிருந்து பாப் கிரகாம் என்பவர் மலையை நோக்கிப் புறப்பட்டார். அவர் விருந்தினர் விடுதி நடத்திப் பிழைத்தவர். நாற்பது வயதைக் கடந்தவர். ஊரின் கடைத்தெரு நடுவே நிற்கும் மூட் மண்டபமே அவர் தொடங்கிய இடம். நாற்பத்திரண்டு மலைமுகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக மிதித்து அதே மண்டபத்துக்கு அவர் திரும்பியபோது 23 மணி 39 நிமிடம் கழிந்திருந்தது. காலில் டென்னிசுக் காலணியும் உடலில் உறக்கத்துக்கு அணியும் மேற்சட்டையும் கொண்டு அவர் நடந்தார் என்பர். வெண்ணெய் தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை, பழம், இனிப்பு ஆகியவை அவர் உணவு. கடந்த தொலைவு ஏறத்தாழ 106 கிலோமீட்டர். ஏறிய உயரங்களின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 8,200 மீட்டர்.

இச்சுற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த 8,200 மீட்டர் ஏற்றத்தையே எடுத்துச் சொல்வர். எவரெசுட்டு முகட்டின் உயரத்தை அது நெருங்குவதால் கேட்போரும் வியப்பர். ஆனால் புறப்பட்ட வாயிலுக்கே திரும்பும் பயணத்தில் எவ்வளவு ஏறினாரோ அவ்வளவும் இறங்கியாக வேண்டும். மூடிய சுற்றொன்றில் புவியீர்ப்பு செய்யும் வேலையின் கூட்டுத்தொகை சுழியம் என்பது இயற்பியலின் அடிப்படைப் பாடம். ஏறுகையில் கொடுத்த ஆற்றல் முழுவதையும் இறங்குகையில் புவி திருப்பித் தந்துவிடுகிறது. அப்படித் திரும்பி வரும் ஆற்றலைச் சேர்த்து வைக்க மனித உடலில் இடமில்லை. அது தசைக்குள் வெப்பமாகிறது. வெப்பமாகும் வழியில் தசையைக் கிழிக்கவும் செய்கிறது. ஏற்றம் உடலின் எரிபொருளைத்தான் தின்கிறது. இறக்கமோ உடலையே தின்கிறது. மலைச்சுற்றின் அறிவியலில் நடுநாயகமான செய்தி இதுவென்பது என் துணிபு.

முதலில் நிலத்தின் இயல்பைக் காண்போம். ஏரி மாவட்டத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் உமிழ்ந்த பாறையால் ஆனது. வடக்கே இசுக்கிடா மலை அதனினும் பழைமையான கற்பலகைப் பாறையால் ஆனது. ஆகவே வடக்கின் சரிவுகள் வழவழப்பாகவும் நீண்டும் கிடக்க, நடுவிலுள்ளவை கரடுமுரடாகவும் பிளவுபட்டும் நிற்கின்றன. பனியூழியில் பனியாறுகள் இந்த மேட்டுநிலத்தின் நடுவிலிருந்து எல்லாத் திசைகளிலும் இறங்கிப் பள்ளத்தாக்குகளைக் குடைந்தன. ஏறத்தாழ 11,500 ஆண்டுகளுக்கு முன் அவற்றில் எஞ்சியவையும் உருகி மறைந்தன. ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும் செங்குத்தான பக்கச் சரிவுகளும் அவை விட்டுச் சென்ற எச்சங்கள். இம்மண்ணில் பிறந்த பாவலர் வேர்ட்சுவொர்த்து, இப்பள்ளத்தாக்குகள் ஒரு நடுவத்திலிருந்து ஆரங்களாக விரிவதைத் தம் வழிகாட்டி நூலில் குறித்திருக்கிறார். சுற்றின் கடுமைக்கு அந்த ஆர அமைப்பே காரணம். ஆரங்களுக்கு இடைப்பட்ட முகட்டுத் தொடர்களும் வெளிநோக்கியே ஓடுவதால், வட்டமாகச் செல்பவர் அவற்றைக் குறுக்கே வெட்டித்தான் கடக்க வேண்டும். ஒரு தொடரிலிருந்து அடுத்த தொடருக்குப் போக, பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மீண்டும் ஏறுவதன்றி வேறு வழியில்லை.

வாசுடேல் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த முகடு 978 மீட்டர் உயரமுள்ள இசுக்காஃபெல் பைக். அதற்கும் 964 மீட்டர் உயரமுள்ள இசுக்காஃபெலுக்கும் இடையே ஒரு குறுகிய கணவாய் இருக்கிறது. அக்கணவாயிலிருந்து இசுக்காஃபெலுக்கு நேராக ஏறும் பாறைப்படிகளில் கைகளையும் பயன்படுத்தியாக வேண்டும். பாவலர் கோல்ரிட்சு 1802இல் அவ்வழியே தனியாக இறங்கி உயிர் பிழைத்த கதை அப்பகுதியில் இன்றும் பேசப்படுகிறது. இசுக்காஃபெலின் உச்சியிலிருந்து வாசுடேலின் தரை ஏறத்தாழ 900 மீட்டர் கீழே கிடக்கிறது. அங்கே இறங்கியவரின் எதிரே 628 மீட்டர் உயரமுள்ள யூபரோ மலை சுவர்போல் எழுகிறது. சுற்றின் பாதிக்கு மேல் கடந்துவிட்ட கால்களுக்கு முதலில் 900 மீட்டர் இறக்கம், உடனே 550 மீட்டர் ஏற்றம். பலர் தம் முயற்சியைக் கைவிடும் இடம் இதுவே. ஏறும் மூச்சு அவர்களுக்கு இன்னும் இருக்கும். தொடையின் முன்தசை பிடிமானத்தை இழந்திருக்கும்.

ஒரு நாளில் இது இயலுமா என்பதைக் கணக்கிட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. இசுக்காட்லாந்து மலையேறி வில்லியம் நைசுமித்து 1892இல் ஒரு விதி வகுத்தார். மூன்று மைல் தொலைவுக்கு ஒரு மணி நேரம். அதனோடு 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். இவ்வளவு எளிய விதி நூற்றாண்டு கடந்தும் மலைநடையரின் கையில் இருப்பதற்கு, அது உண்மைக்கு நெருங்கி நிற்பதே காரணம். கிரகாமின் சுற்று 66 மைல். அதற்கு 22 மணி நேரம். ஏற்றம் 27,000 அடி. அதற்கு 13½ மணி நேரம். ஆகமொத்தம் 35½ மணி. ஓய்வும் உணவும் இதில் சேரவில்லை. தேர்ந்த நடையர் ஒருவர் ஒன்றரை நாள் இடைவிடாது நடந்தால் முடியக்கூடியதை ஒரு நாளுக்குள் அடக்க வேண்டும் என்பதே இச்சுற்றின் நிபந்தனை. விதியின் உள்ளே மற்றோர் உண்மையும் இருக்கிறது. மூன்று மைல் என்பது 15,840 அடி. அதை 2,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ எட்டு. ஓர் அடி ஏறுவது எட்டு அடி சமதளத்தில் நடப்பதற்கு நிகர் என்று நைசுமித்து பட்டறிவாலேயே கண்டிருந்தார். இறக்கத்துக்கு அவர் எதையும் கூட்டவில்லை, எதையும் கழிக்கவுமில்லை. அந்த வெற்றிடத்தைப் பின்னாளில் உடலியலார்தாம் நிரப்பினர்.

ஏற்றத்தின் செலவைக் காண்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவரை 8,200 மீட்டர் உயர்த்த வேண்டிய இயக்க வேலை ஏறத்தாழ 1,340 கிலோகலோரி. மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு வேளைப் பெருவிருந்தின் அளவே. ஆனால் தசை தான் எரிக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும்; எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாகிவிடும். ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் ஏறத்தாழ 5,400 கிலோகலோரி வேண்டும். சமதளத்தில் நகர்வதும் இறங்குவதும் உயிர் நிலைத்திருப்பதற்கான அடிப்படைச் செலவும் சேர்ந்தால் 10,000 கிலோகலோரியை ஒட்டி நிற்கும்.

இதை உடல் எங்கிருந்து எடுக்கும்? தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோசனாகச் சேமித்துள்ள மாச்சத்து ஏறத்தாழ அரைக் கிலோ. அது தருவது 2,000 கிலோகலோரி அளவே. கொழுப்போ மெலிந்த உடலிலும் பல கிலோ இருக்கும். கிராமுக்கு 9 கிலோகலோரி வீதம் பல நாள் நடைக்கும் போதும். அப்படியானால் கொழுப்பைக் கொண்டே நடக்கலாமே என்று தோன்றும். கொழுப்பு மெல்ல எரிவது. ஒரே அளவு உயிர்வளிக்கு அது தரும் ஆற்றலும் மாச்சத்தைவிடக் குறைவு. மூச்சிரைக்க ஏறும் சரிவில் தசை மாச்சத்தையே கேட்கும். அது தீர்ந்தால் கால் கனக்கும். மூளைக்கும் சர்க்கரை குறைந்து சிந்தை மங்கும். இடைவிடாமல் உண்ண வேண்டிய கட்டாயம் இதனால்தான் எழுகிறது. அங்கும் ஒரு வரம்பு உண்டு. சிறுகுடலின் சுவரிலுள்ள குளுக்கோசுக் கடத்திகள் மணிக்கு ஏறத்தாழ 60 கிராமுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பழச்சர்க்கரை வேறொரு கடத்தியின் வழியே நுழைவதால், இரண்டையும் கலந்து உண்டால் மணிக்கு 90 கிராம் வரை எட்டலாம். இக்கடத்திகளின் வரம்பு ஆய்வில் தெளிவாவதற்கு மிக முன்பே கிரகாம் ரொட்டியோடு பழத்தையும் உண்டு மலை ஏறினார் என்பது மகிழ்ச்சி தரும் ஒற்றுமை. நாள் முழுதும் மணிக்கு 60 கிராம் என்று கணக்கிட்டாலும் 5,760 கிலோகலோரி கிடைக்கும். சேமிப்பும் கொழுப்பும் துணை நின்றால் ஏற்றத்தின் செலவை ஈடுகட்டிவிடலாம். கடினமே ஆயினும், உண்டும் குடித்தும் சமாளிக்கக்கூடிய கடினம்.

மலையோட்டத்தில் பெயர் பெற்றோரும் செங்குத்துச் சரிவில் ஓடுவதில்லை. கைகளை முழங்காலுக்கு மேல் ஊன்றி நடக்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. இத்தாலிய உடலியலார் மினெட்டியும் அவர் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மலைப் பந்தயங்களில் பழகிய பத்து ஓட்டக்காரர்களைச் சாய்தளப் பொறியில் நடக்கவும் ஓடவும் செய்தனர். மேலேயும் கீழேயும் 45 விழுக்காடு வரை சரிவை மாற்றிச் செலவை அளந்தனர். சமதளத்தில் ஒரு மீட்டர் ஓடுவதற்கு நடப்பதைப்போல் இரு மடங்கு ஆற்றல் செலவாகிறது. சரிவு மிகமிக இவ்வேறுபாடு சுருங்கினாலும் 45 விழுக்காட்டிலும் நடையே சிக்கனமானது. உயரத்தை மிகக் குறைந்த செலவில் ஈட்டித் தரும் மலைப்பாதையின் சரிவு 20 முதல் 30 விழுக்காடு என்றும் அவர்கள் கண்டனர். மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக இட்ட ஒற்றையடிப் பாதைகள் ஏன் வளைந்து வளைந்து ஏறுகின்றன என்பதற்கு இது நல்ல விடை.

அதே ஆய்வில் இறக்கத்தின் எண்களையும் பார்க்க வேண்டும். நடையின் செலவு மிகக் குறைவது சமதளத்தில் அன்று. 10 விழுக்காடு இறக்கத்தில். அதைவிடச் செங்குத்தாக இறங்கினால் செலவு மீண்டும் ஏறுகிறது. ஆனால் எவ்வளவு செங்குத்தானாலும் அதே சரிவில் ஏறும் செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மூச்சு வாங்குவதில்லை, நெஞ்சு படபடப்பதில்லை. ஆகவே உடல் ஓய்வெடுப்பதாக உள்ளம் நம்பிவிடுகிறது. இந்த நம்பிக்கைதான் கேடு.

இறங்கும்போது தொடையின் முன்பக்க நாற்றலைத் தசை இறுகியபடியே நீள்கிறது. முழங்கால் மடியும் ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையை அது தாங்கி, மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கிறது. வேலை செய்யும் தசைக்கும் வேலையைத் தாங்கும் தசைக்கும் உள்ள வேறுபாட்டை 1952இல் ஆபட், பிக்லாண்டு, ரிச்சி என்னும் மூன்று ஆய்வாளர் மிக அழகாகக் காட்டினர். இரு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக நிறுத்திச் சங்கிலியால் இணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவரின் மிதிகள் பின்னோக்கிச் சுழலும். அவர் அச்சுழற்சியைக் காலால் எதிர்க்க வேண்டும். இருவர் காலிலும் ஒரே விசை, ஒரே வேகம். ஆயினும் முன்னோக்கி மிதித்தவர் எதிர்த்தவரைப்போல் பல மடங்கு உயிர்வளியைச் செலவழித்தார். இலண்டன் அரசக் கழகத்தின் ஒரு மாலைக்கூட்டத்தில் இதைச் செய்து காட்டியபோது, சிறிய உடலுடைய இளம்பெண் ஒருவர் பெரிய முயற்சியின்றி எதிர்த்து அமர்ந்திருக்க, மிதித்த இளைஞர் களைத்துப் போனார். பார்த்தோர் மிகவும் மகிழ்ந்தனர்.

இந்தச் சிக்கனம் எப்படி வருகிறது? தசைக்குள் மையோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுப்பதால்தான் சுருக்கம் உண்டாகிறது. சுருங்கும்போது ஒவ்வொரு பிடியையும் விடுவிக்க வேதி ஆற்றல் செலவாகும். நீளும்போதோ வெளிவிசையே பிடிகளைப் பிய்த்து விடுவதால் அச்செலவு பெரிதும் மிச்சமாகிறது. அதோடு, நீளும் நிலையில் ஓர் இழை தாங்கும் விசையும் மிகுதி. ஆகவே அதே சுமைக்கு உடல் குறைந்த எண்ணிக்கையிலான இழைகளையே அழைக்கிறது. குறைந்த இழைகள் முழுச் சுமையையும் பகிர்வதால் ஒவ்வோர் இழையின் மேலும் விழும் பாரம் கூடுகிறது. சிக்கனத்துக்குக் காரணமான அதே ஏற்பாடு சிதைவுக்கும் காரணமாகிறது.

சிதைவு தொடங்கும் இடம் சார்கோமியர் எனப்படும் மிகச்சிறு அலகு. ஓர் இழையில் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் இவற்றுள் எல்லாம் ஒரே வலிமையுடையவை அல்ல. நீட்சியின்போது வலுக்குறைந்தவை அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. அவற்றைச் சூழ்ந்த மென்படலம் கிழிந்து கால்சியம் கசிகிறது. தசைக்குள் இருக்க வேண்டிய நொதிகள் குருதியில் கலக்கின்றன. வலி உடனே தெரியாது. பழக்கமில்லாத உழைப்புக்குப் பின் தாமதித்து வரும் இத்தசைவலியை 1902இலேயே தியோடர் அஃப் என்ற அமெரிக்க உடலியலார் ஆய்ந்து எழுதினார். அது உச்சத்தை எட்டுவது ஓரிரு நாள் கழித்தே. ஆனால் வலிமை இழப்போ அப்போதே நிகழ்ந்துவிடுகிறது. வலி காலம் தாழ்த்தி வருவதால் மலைநடையர் ஏமாறுகிறார். நாற்பதாவது முகட்டிலிருந்து இறங்குகையில் கால் நடுங்குவது களைப்பால் மட்டுமன்று. தாங்கிப் பிடிக்க வேண்டிய இழைகளில் ஒரு பகுதி உண்மையிலேயே குலைந்திருக்கும். நடுங்கும் கால், ஈரப் பாறை, இருட்டு ஆகிய மூன்றும் சேரும் வேளையே இச்சுற்றில் மிக இடர் மிகுந்தது.

குளிரையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ 54½ பாகை வடக்கில் அமைந்த இந்நிலத்தில் சூன் நடுவில் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல் நீளும். கிரகாம் அம்மாதத்தைத் தேர்ந்தது அறிவுடைமை. ஆயினும் மலையுச்சியில் வெப்பம் அடிவாரத்தைவிட ஐந்தாறு பாகை குறைவு. இசுக்காஃபெல் மலைகளின் கீழுள்ள சீத்துவெயிட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர். இங்கிலாந்தில் மக்கள் வாழும் இடங்களில் மிக ஈரமானது அதுவே. நனைந்த உடையில் காற்று அடிக்க, எரிபொருளும் தீர்ந்தால் கோடையிலும் உடற்சூடு ஆபத்தான அளவுக்கு வீழும்.

இவ்வளவு சிதைவுக்கும் மாற்று உண்டா? உண்டு, அதை உடலே செய்து தருகிறது. ஒரு முறை நீண்ட இறக்கத்தில் சிதைந்து ஆறிய தசை, அடுத்த முறை அதே இறக்கத்தில் மிகக் குறைவாகவே சிதைகிறது. ஒரே ஒரு பயிற்சி தரும் காப்பும் பல வாரங்கள் நிலைக்கும். இதன் காரணங்களில் ஒன்றை இலின், மார்கன் என்போர் 1994இல் எலிகளிடம் கண்டனர். சில எலிகளை ஏற்றத்திலும் வேறு சிலவற்றை இறக்கத்திலும் ஓடப் பழக்கினர். இறக்கத்தில் ஓடிய எலிகளின் தொடைத் தசையிழைகளில் சார்கோமியர்களின் எண்ணிக்கை மிகுந்திருந்தது. வரிசையில் அலகுகள் கூடினால் ஒவ்வோர் அலகும் குறைவாகவே நீள வேண்டியிருக்கும். ஆகவே குலைவும் குறையும். ஏற்றத்தில் மட்டும் பழகிய எலிகளுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. மாடிப்படிகளில் மூச்சிரைக்க ஏறிவிட்டு மின்தூக்கியில் இறங்கிப் பயிற்சி செய்வோர் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அறிவு ஆய்வகத்துக்கு வருமுன்பே அம்மலைகளில் ஆடு மேய்த்தவர்களின் கால்களில் குடியிருந்தது. வாசுடேலைச் சேர்ந்த சாசு நெய்லர் ஆட்டுப் பண்ணையாளர். இளமையிலேயே முழங்காலிலும் முதுகிலும் அறுவை மருத்துவம் செய்துகொண்டவர். 1975இல் அவர் 23 மணி 20 நிமிடத்தில் எழுபத்திரண்டு முகடுகளை மிதித்தார். மந்தையின் பின்னே நாள்தோறும் ஏறி இறங்கிய வாழ்க்கையே அவருடைய பயிற்சி. பாரோடேலைச் சேர்ந்த கல் தச்சர் பில்லி பிளாண்டு 1982இல் நாற்பத்திரண்டு முகடுகளையும் 13 மணி 53 நிமிடத்தில் முடித்தார். அதை வெல்ல முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. 2018இல் கட்டலோனிய மலையோட்டக்காரர் கிலியன் யோர்னெட் 12 மணி 52 நிமிடத்தில் முடித்தார். தொழில்முறைப் பயிற்சியும் புதுவகைக் காலணியும் உணவறிவும் பெருகிய காலத்திலும் ஒரு கல் தச்சரின் சாதனை அத்தனை ஆண்டுகள் அசையாமல் நின்றது, பிறந்த மண்ணின் சரிவுகளில் பழகிய கால்களுக்கு உரிய பெருமை.

கிரகாமுக்குப் பின் 28 ஆண்டுகள் இச்சுற்றை எவரும் மீண்டும் முடிக்கவில்லை. 1960இல் ஆலன் ஈட்டன் முடித்தார்; 1977இல் சீன் டாசு முதல் பெண்மணியாக முடித்தார். இச்சுற்றை முடித்தோருக்கென 1971இல் தொடங்கிய கழகத்தின் விதிப்படி, ஒவ்வொரு முகட்டிலும் உடன் வந்தவர் ஒருவர் சான்றாக நிற்க வேண்டும். இதுவரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் முடித்துள்ளனர். அவர்களுள் மிகப் பலர் பரிசுப் பணம் எதையும் எதிர்பாராமல், வேலைக்குப் போய்வரும் நாள்களுக்கு இடையே பழகியவர்கள்.

எந்த மலையாயினும் ஏறப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன், நீண்ட இறக்கம் ஒன்றைத் தேடிச் சென்று மெல்ல இறங்குங்கள். மலை அருகில் இல்லையென்றால் மாடிப்படிகளில் இறங்குங்கள். மறுநாள் தொடை வலித்தால் அஞ்ச வேண்டா. வலி முழுதும் ஆறிய பின் மீண்டும் ஒரு முறை இறங்குங்கள். மலையில் இறங்கும்போது அடியைக் குறுக்கி வையுங்கள். முழங்காலைச் சற்றே மடித்து வையுங்கள். ஊன்றுகோல் இருந்தால் ஏற்றத்தைவிட இறக்கத்தில் அதைப் பயன்படுத்துங்கள். மூச்சு சீரானவுடன் விரைந்து இறங்கத் தோன்றும்; அப்போதுதான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.